கொண்டுவந்த கை

நாலு மணிக்குக் கடைசி மணி அடித்தால் ஒண்ணாம் வகுப்பு எவ்வளவு வேகத்தில் காலியாகும் என்பது வாத்தியார் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். மணிச் சத்தம் அடங்குவதற்குள் அறையில் ஒரு சிலேட்டுக்குச்சிகூட மிஞ்சாது. நான் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்த ஊரில் மட்டும் அப்படி நடக்கவில்லை. மணி அடித்ததும் பாதி வகுப்பு ஓடியது. மீதிப் பாதி பையை மடியில் வைத்துக்கொண்டு, சம்மணம் போட்டு அப்படியே உட்கார்ந்திருந்தது.

"ஏன்டா, வீட்டுக்குப் போகலையா?" என்றேன்.

"ஆளு வரணும் டீச்சர்" என்றான் முன்வரிசைக்காரன்.

"என்ன ஆளு?"

"காலைல கொண்டாந்து விட்ட ஆளு."

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. பொறுமையை எல்லாம் எங்கள் வீட்டில் தங்கைக்கே கொடுத்துவிட்டார்கள். உத்தமபாளையத்திலிருந்து கம்பத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து சுருளிப்பட்டி போகும் வழியில் மலையடிவாரத்தில் இருக்கும் இந்த ஊருக்கு இன்னொரு பஸ் என்று மாறி மாறி வருகிறவள் நான். நாலே காலுக்கு ஒரு வண்டி. அதை விட்டால் ஆறரைக்குத்தான். அன்றைக்கு நாலே கால் வண்டி என் கண்முன்னால் போனது. கோபமாகத் தலைமையாசிரியரிடம் போய் நின்றேன். ஓய்வுபெறப் போகிற வயது அவருக்கு. எதற்கும் அலட்டிக்கொள்ளாதவர்.

"அது நம்ம சட்டம் இல்லம்மா. பால்வாடி டீச்சர் போட்ட சட்டம். நானும் வந்த புதுசுல மாத்திப் பாத்தேன். ஒண்ணும் நடக்கல" என்று பள்ளிக்கூட மைதானத்தின் மூலையில் இருந்த ஓட்டுக் கட்டடத்தைக் காட்டினார்.

அப்படித்தான் அவரைப் பார்க்கப் போனேன், சண்டை போட. வாசற்படியோரம் ஒரு முக்காலியில் உட்கார்ந்து ஒரு பிள்ளைக்குத் தலை சீவிக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். நெடுநெடுவென்று உயரம், கரகரத்த குரல். நான் படபடவென்று பேசி முடிக்கும்வரை சீப்பை நிறுத்தவில்லை. பிறகு, "ஒங்க பஸ்ஸு நாளைக்கும் வரும் டீச்சர். புள்ள மாறிப் போச்சுன்னா நாளைக்கு வருமா?" என்றார். திரும்பி வந்து ஆறரை பஸ்ஸுக்குக் காத்திருந்தேன்.

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அதை இங்கே எழுதப் போவதில்லை. ஊரிலும் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லாருக்கும் அவர் பால்வாடி டீச்சர்தான்.

அவருடைய சட்டம் ஒரே வரி. காலையில் எந்தக் கை பிள்ளையைக் கொண்டுவந்து விட்டதோ, அந்தக் கைதான் சாயங்காலம் கூட்டிப்போக வேண்டும். பெற்ற தாயாக இருந்தாலும் சரி, தாய்மாமனாக இருந்தாலும் சரி, காலையில் வராத கைக்குப் பிள்ளை கிடையாது. மூன்று வயதில் அவரிடம் இதைப் படித்த பிள்ளைகள், ஒண்ணாம் வகுப்புக்கு வந்த பிறகும் மறக்கவில்லை. நான் சொல்லிக்கொடுத்த அ, ஆவை அவ்வளவு பத்திரமாக வைத்துக்கொண்டார்களா என்பது சந்தேகம்தான்.

இந்தச் சட்டத்தில் ஊர்ப் பெரிய மனிதர்களே அடிபட்டிருக்கிறார்கள். பஞ்சாயத்துத் தலைவர் ஒருநாள் புல்லட்டில் வந்து இறங்கி, பேத்தியைத் தரச்சொன்னார். அன்று காலை அந்தப் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டது அவருடைய டிராக்டர் ஓட்டுகிறவர்.

"டிரைவர வரச்சொல்லுங்கய்யா" என்றார் இவர்.

"ஏம்மா, நான் யாருன்னு தெரியுதா?"

"தெரியுது. நீங்க காலைல வரல."

தலைவர் புல்லட்டைத் திருப்பிக்கொண்டு போய், வயலில் உழுதுகொண்டிருந்த டிரைவரைப் பின்னால் ஏற்றி வந்தார். டிரைவர் சேற்றுக்காலோடு வெட்கப்பட்டுக்கொண்டே பிள்ளையை வாங்கி முதலாளியிடம் கொடுத்தார். அதற்குப் பிறகு தலைவர் டீக்கடையில் அதையே பெருமையாகச் சொல்லித் திரிந்தார். "எனக்கே தரமாட்டேன்னுட்டாக. அப்படி ஒரு ஆளு நம்ம ஊர்ல இருக்காக."

இன்னொரு வீட்டில் இரண்டாம் வகுப்புப் படிக்கிற அண்ணன்காரன்தான் தினமும் தங்கையைக் கொண்டுவந்து விடுவான். ஒருநாள் அம்மாவே சீக்கிரம் வந்துவிட்டாள். மகன் வகுப்பு முடிந்து வரும்வரை அவள் வெளியே நின்றாள். அவன் வந்து, தங்கையின் கையைப் பிடித்து வாங்கி, பெரிய அதிகாரி மாதிரி முன்னால் நடந்தான். அம்மாவும் சிரிப்பை அடக்கிக்கொண்டு பின்னால் போனாள்.

அந்தச் சட்டம் முழுசாக என்னவென்று எனக்கு விளங்கியது ஒரு குடியரசு தினத்தன்றுதான். கொடிக்கம்பத்துக்குக் கயிறு கட்டவும் கோலம் போடவும் விடியற்காலையிலேயே வரச்சொல்லியிருந்தார்கள். எங்கள் வீட்டில் அப்பாவை அத்தா என்றுதான் கூப்பிடுவோம். அத்தா புலம்பிக்கொண்டே மொபெட்டில் கொண்டுவந்து இறக்கினார். "கோழியே இன்னும் கூவல, ஒனக்கு என்னம்மா பள்ளிக்கூடம்?" என்றார். நல்ல இருட்டு, நல்ல பனி. ஆனால் பால்வாடியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வெளியே அடுப்பில் வெந்நீர் கொதித்தது.

சாலையில் வரிசையாக ஜீப்புகள் நின்றன. கம்பம்மெட்டு மலைப்பாதை ஏறி, கேரளாப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகள். தலையில் துண்டும் கையில் தூக்குச்சட்டியுமாகப் பெண்கள் வந்தார்கள். பலர் தோளில் தூங்கும் பிள்ளைகள். ஜீப்பில் ஏறுவதற்கு முன்னால் ஒவ்வொருத்தியும் பால்வாடி வாசலுக்கு வந்தாள். இவர் படியில் நின்றார். ஈரக்கையை முந்தானையில் துடைத்துவிட்டுப் பிள்ளையின் கையைப் பிடிப்பார். பிடித்த பிறகு கேட்பார்.

"யாரு கொண்டாந்தது?"

தூக்கத்தில் இருந்த பிள்ளை கண்ணைத் திறக்காமலே சொல்லும். "அம்மா."

"அப்ப சாயந்திரம் யாரு வருவாக?"

"அம்மா."

"போய் மொகத்தக் கழுவு."

அடுத்த பிள்ளைக்கும் அதே கேள்வி. அடுத்ததற்கும் அதேதான். பிள்ளை பதில் சொல்லும்வரை அம்மா ஜீப்புக்கு ஓடக்கூடாது. டிரைவர் ஹாரன் அடித்துப் பார்ப்பான். இவர் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். அந்த ஒரு பதிலைக் கையில் வைத்துக்கொண்டுதான் அந்தப் பிள்ளைகள் இருட்டிலிருந்து இருட்டுவரை அழாமல் இருந்தன என்று அப்போது தெரிந்துகொண்டேன். ஜீப்புகள் போன பிறகு வாசல் ரொம்ப அமைதியாக இருந்தது.

பால்வாடிச் சுவரில் இருந்த பலகையில் நேரம் காலை பத்து முதல் மாலை நாலு என்று எழுதியிருந்தது. அதற்கு மேலே குழந்தைகள் நாட்டின் செல்வம் என்று பெரிய எழுத்தில் எழுதி ஒரு தாமரையும் வரைந்திருந்தார்கள். செல்வத்தைப் பத்து மணிக்கு மேல்தான் வாங்கிக்கொள்வார்கள்போல. விடியலிலிருந்து பத்துவரைக்கும், நாலிலிருந்து ஜீப் திரும்பும்வரைக்கும் இவர் இருந்தது இவராகவே விரும்பி இருந்ததுதான். அதற்குச் சம்பளமும் இல்லை, உத்தரவும் இல்லை.

அன்றைக்கே பதினொரு மணிக்குக் கிராம சபைக் கூட்டம். ஒன்றியத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து, பிள்ளைகளின் ஆரோக்கியத்துக்கும் படிப்புக்கும்தான் அரசாங்கம் முதலிடம் கொடுக்கிறது என்று நன்றாகவே பேசினார். கைதட்டினோம். ஏதாவது குறை உண்டா என்று கேட்டார். தெருவிளக்கு, சாக்கடை என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். பின்வரிசையில் இவர் எழுந்தார்.

"சார், மலைக்குப் போற ஜீப்பப் பத்து மணிக்குக் கெளம்பச் சொல்லுங்க. இல்லைன்னா பால்வாடிய ஆறு மணிக்குத் தொறக்கச் சொல்லி ஒரு உத்தரவு குடுங்க. ரெண்டுல ஒண்ணு சர்க்கார் செஞ்சாத்தான் புள்ளைக்கு மொத எடம்."

கூட்டம் சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. குறித்துக்கொண்டு, "மேல எழுதுறேம்மா" என்றார். இவர் நின்றபடியே, "எழுதுங்க சார். ஒரு ஆயாவும் சேத்துக் கேளுங்க. ஒத்தையாளா ரெண்டு வேளைக்கும் முடியல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். முடியவில்லை என்று அவர் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். உத்தரவும் வரவில்லை, ஆயாவும் வரவில்லை.

அந்த விடியற்கால விளக்கினால் என் பள்ளிக்கூடத்துக்கு என்ன லாபம் என்பதையும் சொல்ல வேண்டும். மலைக்குப் போகிற வீடுகளில் சின்னதைப் பார்த்துக்கொள்ளப் பெரிய பெண்பிள்ளையைத்தான் வீட்டில் நிறுத்துவார்கள். ஏழு வயதுப் பெண் இடுப்பில் தம்பியைச் சுமந்துகொண்டு நாளெல்லாம் நிற்கும். இவர் கதவைத் திறந்து வைத்ததால் தம்பிகள் பால்வாடிக்குப் போனார்கள், அக்காக்கள் வகுப்புக்கு வந்தார்கள். தலைமையாசிரியர் பெண்பிள்ளைகள் வருகையைப் பற்றிக் கூட்டங்களில் பெருமை பேசுவார். அந்தப் பெருமை மைதானத்து மூலையில் வெந்நீர் போட்டுக்கொண்டிருந்தது.

நோன்பு மாதத்தில் ஒருநாள் வழக்கம்போல ஆள் வராத பிள்ளையால் பஸ்ஸை விட்டேன். நோன்பு திறக்கிற நேரம் நெருங்கியது. பள்ளிவாசல் பாங்கு கேட்கிற ஊர் இல்லை அது. நான் வாட்சையே பார்த்துக்கொண்டு பால்வாடிப் படியில் உட்கார்ந்திருந்தேன். இவர் உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீரும் ஒரு சத்துமாவு உருண்டையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

"பேரீச்சம்பழத்துக்கு எங்க போறது? சர்க்கார் உருண்டைதான் இருக்கு. ஒங்க சாமி ஒத்துக்கிருவாகளா?"

"ஒத்துக்கிருவாக" என்றேன். அந்த உருண்டையின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

அன்றைக்குத்தான் கேட்டேன், எதற்கு இந்தச் சட்டம் என்று. முதலில் பேச்சை மாற்றினார். பிறகு அவராகவே சொன்னார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேறொரு ஊரில், சித்தி என்று சொல்லி வந்த ஒருத்தியிடம் பிள்ளையைக் கொடுத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் அம்மா வந்து நின்றாள். ஊரே தேடியது. கிணறு கிணறாக எட்டிப் பார்த்தார்கள். கடைசியில் பிள்ளை பக்கத்துத் தெருக் கல்யாண வீட்டில் சித்தி மடியில் உட்கார்ந்து பாயசம் குடித்துக்கொண்டிருந்தது.

"கெடச்சிருச்சில்ல?" என்றேன்.

"புள்ள கெடச்சிருச்சு டீச்சர். அம்புட்டுப் பெரிய கெணத்துக்குள்ள நான் எட்டிப் பாத்தேன் பாருங்க, அதுலருந்து நான் இன்னும் வெளிய வரல."

அவருக்கென்று யார் இருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. ஊருக்குள் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தார். புருஷன் இருந்தார், போய்விட்டார் என்றார்கள்; கல்யாணமே ஆகவில்லை என்றும் சொன்னார்கள். தீபாவளியன்றுகூட வந்து பால்வாடியைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்ததாகத் தலைமையாசிரியர் சொன்னார். சில நாள் ஆறரை பஸ்ஸின் ஜன்னல் வழியாக நானே பார்த்திருக்கிறேன். கடைசிப் பிள்ளையும் போயிருக்கும். கதவைப் பூட்டிவிட்டு, சாவியை மடியில் வைத்துக்கொண்டு அதே படியில் உட்கார்ந்திருப்பார். வீட்டுக்குப் போகலாம், போக மாட்டார்.

அந்த ஆடி மாதம் சாரல் விடாமல் அடித்தது. ஒருநாள் மத்தியானம் டீக்கடைக்குப் போன் வந்தது. மழைக்கு வேலையை விட்டுத் திரும்பிய நம்மூர் ஜீப் ஒன்று கம்பம்மெட்டு ரோட்டு வளைவில் கவிழ்ந்துவிட்டது என்றார்கள். கொஞ்ச நேரத்தில் ஊரே கம்பம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிப் போனது. பலருக்குக் கை கால் ஒடிந்தது, பிழைத்துக்கொண்டார்கள். பவுன்தாய் என்கிற நாலு வயதுப் பிள்ளையின் அம்மா பிழைக்கவில்லை. பவுனு அப்போது பால்வாடியில் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் அவர் சட்டத்தைத் தூக்கி ஓரமாக வைத்தார். யார் யாரோ வந்தார்கள். மாமா, பெரியம்மா, பக்கத்து வீட்டுக்காரர். அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கையைத் துடைத்துத் துடைத்து ஒவ்வொரு பிள்ளையாக எடுத்துக் கொடுத்தார். நானும் கூட நின்றேன். கடைசியாகப் பவுனின் அப்பா வந்தார். கம்பத்தில் திராட்சைப் பெட்டி லோடு ஏற்றுகிறவர். படியேறாமல் வெளியே மழையில் நின்றார்.

"பவுனு, அப்பா வந்திருக்காக பாரு" என்றேன் நான்.

அது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டது. "அப்பா கொண்டாரல. எங்கம்மாதான் கொண்டாந்துச்சு. எங்கம்மாதான் வரும்."

இவர்தான் பக்கத்தில் போனார். கம்பியிலிருந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. அப்பா தூக்கிக்கொண்டு நடந்தார். தெருமுனை திரும்பும்வரைக்கும் அந்தப் பிள்ளை, "டீச்சர், நீங்க சொல்லுங்க டீச்சர், அப்பா கொண்டாரல டீச்சர்" என்று கத்திக்கொண்டே போனது.

இவர் முக்காலியில் உட்கார்ந்தார். "நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்கேன்" என்றார்.

காரியம் முடிந்து பவுனு மறுபடியும் பால்வாடிக்கு வந்தது. அப்பாவின் அக்கா கொண்டுவந்து விட்டாள். சாயங்காலம் அவளே வந்தாள். பிள்ளை படியைவிட்டு எழுந்திருக்கவில்லை. அத்தை காலையில் கொண்டுவந்தது அதற்குக் கணக்கிலேயே இல்லை. அம்மா ஒருநாள் கொண்டுவந்து விட்டாள். இன்னும் வந்து கூட்டிப்போகவில்லை. அந்த நாளே அதற்கு இன்னும் முடியவில்லை. ஜீப் வரும்போதெல்லாம் எழுந்து நிற்கும். இறங்குகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்க்கும். அப்புறம் உட்கார்ந்துவிடும். இருட்டிய பிறகு அத்தை அடித்து இழுத்துக்கொண்டு போவாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அம்மா வராதுன்னு பக்குவமாச் சொல்லிருங்களேன் டீச்சர்" என்றேன்.

"எல்லாரும் சொல்லிட்டாக. அதுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் உக்காந்திருக்கு" என்றார்.

இரண்டொரு நாள் கழித்து அவர் ஒரு காரியம் செய்தார். விடியலுக்கு முன்னால் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு நேராகப் பவுனின் வீட்டுக்குப் போனார். தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையை எழுப்பி, கையைப் பிடித்துத் தெருவெல்லாம் நடத்திக் கூட்டிவந்தார். படி வந்ததும் அதை வெளியே நிறுத்தி, தான் உள்ளே ஏறித் திரும்பி நின்று கேட்டார்.

"யாரு கொண்டாந்தது?"

பிள்ளை பேசவில்லை.

"சரி. யோசிச்சுச் சொல்லு. போய் மொகத்தக் கழுவு."

மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும் போனார். தினமும் கேட்டார், தினமும் அது பேசவில்லை. சாயங்காலம் இருவரும் படியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஜீப்பைப் பார்த்தார்கள். கடைசி ஜீப்பும் வந்து, எல்லாரும் இறங்கிப் போன பிறகுதான் இவர் கையைத் துடைத்துக்கொண்டு நீட்டுவார். "வராத ஆளுக்காக நாமளும் காத்துக்கிட்டுத்தான இருந்தோம். இப்ப நான் கொண்டாந்தேன், நான் கூட்டிட்டுப் போறேன்." அது வரும். ஆனால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வரும்.

புரட்டாசியில் ஒருநாள் நான் காலையில் பள்ளிக்கூடத்துக்குள் நுழையும்போதே அவர் மைதானத்தின் குறுக்கே வேகமாக வந்தார். அவர் அப்படி வந்து நான் பார்த்ததில்லை.

"டீச்சர், நேத்து இன்னும் ரெண்டு ஜீப்பு வரப் பாக்கி இருந்துச்சு. எந்திரிச்சிருச்சு."

"என்ன எந்திரிச்சிருச்சு?"

"பவுனு. போவோமான்னு அதுவாக் கையக் குடுத்துச்சு. இன்னைக்குக் காலைல கேட்டேன், யாரு கொண்டாந்ததுன்னு. நீங்கதான்னு சொல்லுது." சொல்லிவிட்டுத் திரும்பிப் போய், கழுவிவைத்திருந்த சத்துமாவு டப்பாவை எடுத்து மறுபடியும் கழுவ ஆரம்பித்தார்.

விபத்தைப் பற்றி விசாரித்தவர்கள் எல்லாவற்றையும் விசாரித்தார்கள். ஜீப்பில் எத்தனை பேரை ஏற்றினார்கள் என்று கேட்டவர்கள், அந்தப் பெண்களின் பிள்ளைகள் விடியற்காலையில் எங்கே இருந்தன என்றும் கேட்டார்கள். அப்படித்தான் இவருக்கு மெமோ வந்தது. அனுமதி இல்லாத நேரத்தில் மையத்தைத் திறந்து வைத்தது ஏன்? அந்த நேரத்தில் பிள்ளைகளுக்கு ஏதாவது ஆகியிருந்தால் யார் பொறுப்பு? மேற்பார்வைக்கு வந்த அம்மா இளகிய மனசுக்காரர். "எனக்குத் தெரியாமலா டீச்சர்? இத்தன வருஷமா நானும் பாக்காத மாதிரிதான இருந்தேன். இப்ப கேட்டுட்டாக. எழுதாம இருக்க முடியல" என்று இவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எழுதுங்க. பொறுப்பு நாந்தான்னு எழுதுங்க. வேற யாரு?" என்றார் இவர்.

காகிதம் மெதுவாக நடந்தது. பவுனு ஜூன் மாதம் என் ஒண்ணாம் வகுப்புக்கு வந்து சேர்ந்தது. பால்வாடிப் பிள்ளை இல்லை என்று ஆன பிறகும் இவர்தான் விடியலில் போய்க் கூட்டிவருவார். சாயங்காலம் இவர்தான் கொண்டுபோய் விடுவார். நாலு மணி அடித்தால் அது பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதற்குள் நான் அவசரப்படுத்துவதை விட்டிருந்தேன். ஆவணியில் உத்தரவு வந்தது. ஆண்டிபட்டிக்கு அந்தப் பக்கம், வைகை அணைக்கு அருகே ஒரு சின்ன ஊருக்கு மாற்றியிருந்தார்கள்.

அவர் போன பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொல்ல எனக்கு மனசு வராது. புதிதாக வந்தவர் பத்து மணிக்குத் திறந்தார். அவர்மேல் தப்பில்லை, பலகையில் அப்படித்தான் எழுதியிருந்தது. ஜீப்புகள் விடியலில்தான் போயின. மூன்றாம் வகுப்பில் நன்றாகக் கணக்குப் போடுகிற பெண் ஒருத்தி இருந்தாள். முதலில் திங்கட்கிழமைகளில் வராமல் இருந்தாள். பிறகு வரவே இல்லை. ஒருநாள் தெருவில் பார்த்தேன், இடுப்பில் தம்பி. "பள்ளிக்கூடம் வரலையா?" என்று கேட்டேன். "இவன யாரு பாப்பா?" என்றாள். தலைமையாசிரியரும் நானும் மனு எழுதினோம், ஆபீஸ் ஆபீஸாக நடந்தோம். நான் அந்த ஊரில் இருந்தவரைக்கும் பலகையில் நேரம் மாறவில்லை. தாமரைக்கு மட்டும் புதிதாக வர்ணம் அடித்தார்கள்.

ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முந்தைய நாள் பால்வாடி டீச்சர் என் வகுப்பு வாசலில் வந்து நின்றார்.

"டீச்சர், நாளைக்கு ஒருநா மொத பஸ்ஸுக்கு வரமுடியுமா?"

"எதுக்கு டீச்சர்?"

"பவுன நீங்க போய்க் கூட்டிட்டு வாங்க. நான் போகமாட்டேன்."

எனக்கு உடனே புரியவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார். "காலைல நான் கொண்டாந்துட்டு, சாயந்திரம் நான் இல்லாமப் போனேன்னா, அது மறுபடி உக்காந்துக்கிரும். ஒருக்க உக்காந்தது போதும்."

"ஒருநாளைக்குக் கூட்டிட்டு வந்துட்டா போதுமா?"

"அது ஒங்க இஷ்டம் டீச்சர். கையப் பிடிச்சப்பறம் யாரும் சொல்லவேண்டியது இருக்காது."

அத்தா மறுபடியும் கோழி கூவவில்லை என்று புலம்பிக்கொண்டே என்னைப் பஸ் ஏற்றிவிட்டார். பவுனு குளித்துவிட்டு வீட்டு வாசலிலேயே நின்றது. என்னைப் பார்த்ததும் பின்னால் எட்டிப் பார்த்தது, வேறு யாரும் வருகிறார்களா என்று. நான் கையை நீட்டினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் பிடித்துக்கொண்டது. சின்னக் கை, குளிர்ந்த கை.

பால்வாடிப் படியில் அவர் நின்றார். மற்ற பிள்ளைகளிடம் கேட்ட அதே குரலில் கேட்டார்.

"யாரு கொண்டாந்தது?"

பவுனு என்னைப் பார்த்தது. அவரைப் பார்த்தது. "ஒண்ணாப்பு டீச்சர்" என்றது.

"அப்ப சாயந்திரம் யாரு வருவாக?"

பவுனு என் கையை விடாமலே சொன்னது.

"ஒண்ணாப்பு டீச்சர்."

"போய் மொகத்தக் கழுவு" என்றார். மூஞ்சி கழுவித்தான் வந்திருந்தது அது. இருந்தாலும் போய்க் கழுவியது.

கடைசி நாளும் அவர் நாலு மணிக்குக் கிளம்பவில்லை. எல்லா ஜீப்பும் வந்து, கடைசிப் பிள்ளையும் கொண்டுவந்த கையோடு போன பிறகுதான் கதவைப் பூட்டினார். சாவியைத் தலைமையாசிரியரிடம் கொடுத்தார். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு வாளி. வாளிக்குள் அந்த முக்காலி கவிழ்ந்திருந்தது. ஊரில் பலருக்கு அவர் அன்றைக்குத்தான் போகிறார் என்று தெரியாது, சொல்லிக்கொள்ளவில்லை. மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள் அவரவர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அலுப்போடு அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஆறரை பஸ்ஸுக்காக நிழற்குடையில் நின்றது நாங்கள் மூன்று பேர்தான். என்னைக் கூட்டிப்போக அன்றைக்கு அத்தா மொபெட்டில் வருவதாக இருந்தது. பவுனின் கை என் கையில் இருந்தது. அவர் எங்களுக்குக் கொஞ்சம் தள்ளியே நின்றார்.

பவுனு அவரையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு அவர் தினமும் கேட்கிற அதே தோரணையில் கேட்டது.

"டீச்சர், ஒங்கள இந்த ஊருக்கு யாரு கொண்டாந்தது?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்தப் பிள்ளையிடம் அவர் பொய் சொன்னதில்லை.

"பஸ்ஸு" என்றார்.

"அப்ப யாரு கூட்டிட்டுப் போவாக?"

"பஸ்ஸுதான் ஆத்தா."

பவுனுக்கு அது சரியாகப் பட்டது. தலையை ஆட்டிக்கொண்டது. நானும் வருகிறேன் டீச்சர், அணைவரைக்கும் வந்து விட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் என் கையில் பிள்ளை இருந்தது. அதைக் கொண்டுபோய் வீட்டில் விட வேண்டியவள் நான்.

விளக்கைப் போட்டுக்கொண்டு பஸ் வந்து நின்றது. கண்டக்டர் பெட்டியையும் வாளியையும் வாங்கி உள்ளே வைத்தார். எங்களைப் பார்த்து, "எத்தன பேரு ஏறுறீக?" என்று கேட்டார்.

"ஒரு ஆளுதான்" என்றார் அவர்.

பழக்க தோஷம், ஏறுவதற்கு முன்னால் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். பிடிக்கப் பிள்ளை இல்லை. பஸ் கம்பியைப் பிடித்து ஏறிப் போனார்.